என் பேரில் நான்கு ஆண்டுகள்

வாட்மோர் கல்லூரியின் பயிற்சி அறையில் ஆறு பொம்மைகள் கட்டிலில் படுத்திருந்தன. ஆறும் ஆண்கள். ஆறுக்கும் வாய் திறந்தே இருந்தது, ஏதோ சொல்ல வந்து மறந்துபோனவர்கள் மாதிரி. என்னைச் சுற்றிக் காட்டிய பெய்ஜ் என்ற பெண், மூன்றாவது பொம்மையின் மணிக்கட்டை எடுத்து என் விரல்களை அதன்மேல் வைத்தாள். உள்ளே மோட்டார் இருக்கும்போல, நாடி துடித்தது. "பாத்தீங்களா, நெஜ ஆளு மாதிரியே இருக்கும்," என்றாள். அவளுக்கு இருபத்து மூன்று வயதிருந்தால் அதிகம். நான் ஒன்பது வருடமாக மூன்று மாநிலங்களில் முதியோர் இல்லங்களில் உதவியாளாக நிஜ ஆட்களின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நிஜ நாடி இவ்வளவு ஒழுக்கமாக ஒருநாளும் அடித்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கு அந்த அறை பிடித்துப்போயிருந்தது. சுவரில் தேசியக் கொடி, அதன் கீழே சட்டம் போட்ட ஒரு அறிவிப்பு: ராணுவத்தாரின் படிப்புச் சலுகை இங்கே செல்லும்.

"பதினாறே மாசம். காத்திருக்கவே வேணாம், ஜனவரில ஆரம்பிச்சுடலாம்," என்றாள் பெய்ஜ். "உங்க வீட்டுக்காரர் ராணுவம்தானே? அப்புறம் உங்களுக்கு என்ன மேடம் கவலை? வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டதும் திங்கக்கிழமை வாங்க, பேரைப் பதிஞ்சுடலாம்."

நான் இதுவரை நான்கு கல்லூரிகளில் சேர்ந்து நான்கிலும் முடிக்காதவள். படிப்பு ஏறாமல் அல்ல. ராணுவம் என் கணவன் ட்ரெவரை எங்கே தூக்கிப் போட்டதோ அங்கே நானும் பெட்டியைக் கட்டினேன். ஜார்ஜியாவில் உடற்கூறு படித்து, மனித உடலில் இருநூற்றாறு எலும்புகள் என்று எழுதித் தேறினேன். வாஷிங்டன் மாநிலத்துக்கு மாற்றலானபோது அந்தப் பாடம் இங்கே செல்லாது என்றார்கள். மறுபடி படித்தேன். அங்கேயும் இருநூற்றாறுதான் இருந்தது. கான்சஸுக்கு வந்ததும், அறிவியல் பாடம் ஐந்து வருடம் தாண்டினால் காலாவதி என்றார் ஒரு அம்மாள். எலும்பு எப்படிங்க காலாவதியாகும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. இன்னும் இருபது மாதத்தில் ட்ரெவரின் படைப்பிரிவை வேறு எங்கோ மாற்றப்போகிறார்கள் என்று முகாம் முழுக்கப் பேச்சு. பதினாறு மாதப் படிப்பு என்றால், பெட்டி கட்டுவதற்கு முன்னால் முடித்துவிடலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கு எனக்குச் சாதகமாக வந்திருந்தது.

நர்ஸ் ஆகியே தீரவேண்டும் என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஹாலெக் என்ற கிழவரைத்தான் சொல்வேன். பன்னிரண்டாம் எண் அறை. இந்த ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் மூச்சில் ஒரு வித்தியாசம் கேட்டது. காலையும் மாலையும் அவரைத் தூக்கி உட்காரவைக்கிறவள் நான், எனக்குத் தெரியும். பணியிலிருந்த நர்ஸிடம் சொன்னேன், அவள் குறித்துக்கொண்டாள். இரண்டாம் முறை சொன்னேன், குறித்துக்கொண்டேன் என்றுதானே சொன்னேன் என்றாள். திங்கட்கிழமை போனபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. நான் சொன்னது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. நர்ஸின் சட்டை நிறம் வேறு, உதவியாளின் சட்டை நிறம் வேறு, அவ்வளவுதான் விஷயம். அன்று வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல், நான் நர்ஸுக்குப் படிக்கப்போகிறேன் என்று ட்ரெவரிடம் சொன்னேன்.

ராணுவத்தில் இருப்பவனுக்கு முப்பத்தாறு மாதம் கல்லூரிக் கட்டணத்தை அரசாங்கமே கட்டும் படிப்புச் சலுகை உண்டு. தான் படிக்காவிட்டால் மனைவிக்கு எழுதி வைக்கலாம். சும்மா அல்ல. எழுதி வைப்பவன் மேலும் நான்கு வருடம் சேவை செய்வதாகக் கையெழுத்துப் போடவேண்டும். ராணுவத்தைவிட்டு வெளியே வந்தபிறகு எழுதிவைக்க வழியில்லை. ட்ரெவருக்கு ஒப்பந்தம் முடியும் காலம் இது. பீரங்கிப் படையில் பதினோரு வருடம். இடது காது பாதி போய்விட்டது, இரண்டு முழங்காலும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகும். இந்தத் தடவை வெளியே வந்துவிடுவதென்று மூன்று வருடமாகப் பேசி வைத்திருந்தோம். இண்டியானாவில் அவன் அண்ணன் வீட்டுப் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீட்டின் படத்தைக்கூடக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ட்ரெவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு, "உனக்காக இன்னும் நாலு வருஷம் இருந்துடறேன் நடீன். என் மாசத்தையெல்லாம் உன் பேருக்கு எழுதிடறேன். நீ படி," என்றான்.

நான் அழுதுவிட்டேன். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். "தங்கமான புள்ளைடி அவன்," என்றாள். பத்து வருடத்தில் அம்மா அவனைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். முகாமில் மற்ற மனைவிகள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. "எங்காளு எனக்காக டிவி சேனலைக்கூட மாத்த மாட்டான்," என்றாள் ஒருத்தி. மூன்று மாதமாக நான் அவன் சட்டையை மடிக்கும்போதும் அவனுக்குக் காப்பி ஊற்றும்போதும் அந்த நான்கு வருடத்தை நினைத்துக்கொண்டேயிருந்தேன். குரலை உயர்த்தக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வாட்மோரிலிருந்து வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ட்ரெவர் எங்கள் மகள் ஹேஸலுக்கு ரொட்டிக்கு நடுவில் சீஸ் வைத்து வாட்டிக்கொண்டிருந்தான்.

"பொம்மைக்கு நாடி துடிக்குதா? எங்க சார்ஜென்ட் மேஜருக்கே துடிக்குமான்னு சந்தேகம்," என்றான்.

"திங்கக்கிழமை சேந்துடட்டுமா?"

"இதென்ன கேள்வி? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எனக்கு விழா. பீரங்கிக்கு முன்னாடி நின்னு உறுதிமொழி எடுக்கிறேன்னு கேப்டன்கிட்டச் சொல்லிட்டேன். நீ அந்த நீலக் கோட்டுப் போட்டுக்கிட்டு வா."

அவன் சந்தோஷமாக இருந்தான். அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் இல்லத்தின் ஓய்வறையில் ஷெரீஸ் தன் மக்ரோனியைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஷெரீஸ் எங்கள் பிரிவின் நர்ஸ். என்னைவிட நான்கு வயது மூத்தவள், முன்பு அவள் கணவனும் இதே முகாமில்தான் இருந்தான். வாய் கொஞ்சம் காரம். ஹாலெக் இறந்த வாரம் அவள் விடுப்பில் இருந்தாள். அவள் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். எனக்குப் பெருமையை அடக்கத் தெரியாது, கல்லூரி விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தக் காலேஜ்?"

"வாட்மோர்."

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. சலுகைப் பட்டியல்ல இருந்துச்சு. அரசாங்கமே கட்டுதுன்னா நல்ல இடமாத்தானே இருக்கும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." ஷெரீஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "முகாமுல எல்லாப் பொம்பளைங்களும் இதே தப்பைத்தான் பண்றாங்க. நான் எங்க படிச்சேன்னு நெனைக்கிற? ஆறு வருஷமா இந்த மூத்திர வாடையிலயே ஏன் கெடக்கேன்னு நெனைக்கிற? எனக்கு வேற எடம் பிடிக்கலன்னா?"

"நீங்க வாட்மோரா?"

"சட்டம் போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன், வேணா வந்து பாரு. சலுகை செல்லும்னா, அவங்க கட்டுவாங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான். படிச்சவளுக்கு வேலை உண்டுன்னு எவனும் எழுதித் தரல. நர்ஸ் பரீட்சை எழுதலாம், பாஸும் பண்ணலாம், நான் பண்ணினேன். ஆனா பெரிய ஆஸ்பத்திரிங்க கேக்கற அங்கீகாரம் அந்த ஸ்கூலுக்குக் கெடையாது. முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எவனோட சேவைக் காசுல நான் படிச்சேனோ, அவனுக்கு ஊசி போட எனக்குத் தகுதி இல்லன்னு அனுப்பிட்டாங்க. சரி, மேல படிக்கலாம்னா அந்தப் பாடம் ஒண்ணையும் எந்தக் காலேஜும் எடுத்துக்க மாட்டேங்குது. சலுகை மாசமெல்லாம் செலவழிஞ்சு போச்சு. திரும்பி வராது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "என்கிட்டக் கேக்காத, நீயே போன் பண்ணிக் கேளு," என்றாள். "எனக்கு இப்ப இந்தச் சோறும் இறங்காது. போ."

காரில் உட்கார்ந்து போன் செய்தேன். படைவீரர் மருத்துவமனையின் வேலைக்குச் சேர்க்கும் பிரிவில் ஒரு மென்மையான குரல், "இல்லம்மா, அந்தப் பள்ளி எங்க பட்டியல்ல வராது," என்றது. மென்மையாகச் சொன்னதாலேயே அதிகம் வலித்தது. அடுத்து மாவட்டக் கல்லூரியை அழைத்தேன். எங்கள் பக்கத்தில் எல்லா அங்கீகாரமும் உள்ள ஒரே நர்ஸிங் படிப்பு அங்கேதான். எனக்கு முன்னால் அறுபது பேர் காத்திருந்தார்கள், இரண்டு வருடமாவது ஆகும். என் பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார்கள். சேருங்கள் என்றேன். அதற்குள் ராணுவம் எங்களைத் தூக்கி எங்கேயாவது போட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் பெயரைச் சொல்லி, எழுத்து எழுத்தாக இரண்டு முறை சொன்னேன். பிறகு கண்ணாடியில் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பன்னிரண்டாம் அறைக்குப் போய், இப்போது அங்கே இருக்கும் கிழவியைத் திருப்பிப் படுக்கவைத்தேன்.

அன்று ட்ரெவருக்கு இரவுப் பணி, மறுநாள் மதியம்தான் வந்தான். ஹேஸலைப் பள்ளியிலிருந்து அழைத்துவர இருவரும் சேர்ந்தே போனோம். அவன்தான் ஓட்டினான். பள்ளி வாசலில் கார்கள் வளைந்து வளைந்து நின்றன. எங்கள் முறை வர இன்னும் நேரம் இருந்தது. ஒருவரும் எழுந்து போக முடியாத இடம் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடாத," என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் வரிசை நான்கு கார் தூரம் நகர்ந்திருந்தது. அவன் தோள் இறங்கும், அப்பாடா என்பான், இண்டியானா என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற ஸ்கூல் இருக்குமில்ல?"

"ரெண்டு வருஷம் காத்திருக்கணும்."

"அப்போ வாட்மோர்லயே படிச்சுடு. பட்டம் பட்டம்தானே? ஷெரீஸ் வேலையிலதானே இருக்கா?"

"ட்ரெவர், உனக்குப் புரியலையா? நீ போடவே வேண்டியதில்ல. நாம வெளிய போகலாம். உன் முட்டி தப்பிச்சுது."

"போடலன்னா நான் என்ன சொல்றது?"

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான்."

அந்தப் பதிலில் என்னவோ இருந்தது. ட்ரெவர் எதையாவது மறைக்கும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வான், இப்போதும் அப்படியே. முன்னால் இருந்த கார் நகர்ந்தது, அவன் நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ மரியாதையாக ஒரு ஹார்ன் அடித்தார்கள். அவன் வண்டியை முன்னால் விட்டு மறுபடி நிறுத்தினான்.

"ஜூன்ல ஒருநாள் சுடுதளத்துல பயிற்சின்னு சொல்லிட்டுப் போனேன்ல? பயிற்சி இல்ல. சலைனா டவுனுக்குப் போனேன். ஒரு கிடங்குல மேற்பார்வை வேலைக்கு இன்டர்வியூ."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"கேளு. எதிர்ல உக்காந்திருந்தவனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். உங்களுக்கு என்ன நல்லா வரும்னு கேட்டான். ஒம்பது பேரை வச்சுக்கிட்டு நாலு நிமிஷத்துல பீரங்கியை நிறுத்திச் சுடத் தயார் பண்ணிடுவேன்னேன். அவன் அதை எழுதிக்கிட்டான் நடீன். நெஜமாவே எழுதிக்கிட்டான். அப்புறம், எங்ககிட்ட பீரங்கி இல்லையே சார்னான். கிண்டல் இல்ல, நல்ல பய. வேற என்ன வரும்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல." அவன் ஸ்டியரிங்கை நகத்தால் சுரண்டினான். "வெளிய வந்து வண்டியில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். பதினோரு வருஷமா எங்க நிக்கணும்னு யாராவது சொல்லிட்டே இருந்தாங்க. அங்க எவனும் சொல்லல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீ வீட்டுப் படத்தை ஒட்டி வச்சிருந்த. தெனமும் பால் எடுக்கப் போறப்பல்லாம் அந்த வீடு என்னைப் பாக்குது. பயமா இருக்கு, நான் இங்கேயே இருந்துடறேன்னு எந்த வாயால சொல்றது? நீ நர்ஸுக்குப் படிக்கறேன்னு வந்து நின்னப்போ..." நிறுத்தினான். "எனக்கு ஒரு வழி கெடச்சுது."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அசிங்கமான சிரிப்பு. மூன்று மாதம் அவனுக்கு முன்னால் குனிந்து குனிந்து நடந்திருக்கிறேன். அம்மா அவனைத் தங்கம் என்றாள். அவன் தியாகம் செய்கிறான் என்று நான் அழுதபோது, அவன் என் தலையைத் தடவிக் கொடுத்தான். அவனுக்குப் பயமாக இருந்ததில் எனக்குக் கோபமில்லை. எனக்கும் ஆயிரம் பயம் இருக்கிறது. ஆனால் என் ஆசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் பள்ளிக்கூடம் நல்லதா மோசமா என்று அவன் ஒரு கேள்விகூடக் கேட்காதது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. அவனுக்குத் தேவையாக இருந்தது ஒரு பள்ளிக்கூடம், ஏதோ ஒன்று.

"என் பேர்லயாடா ஒளிஞ்ச?" என்றேன்.

அவன் பதில் சொல்வதற்குள் ஆரஞ்சு அங்கி போட்ட டீச்சர் பின்கதவைத் திறந்து ஹேஸலை உள்ளே ஏற்றினார். "அப்பா! நீயும் வந்திருக்கியா! இன்னிக்கு ஃபயர் டிரில். நான்தான் வரிசைக்குத் தலைவி, யாரும் என்னை முந்தக் கூடாது," என்றாள்.

"யாராவது முந்தினாங்களா?" என்றான் ட்ரெவர். குரல் சாதாரணமாக இருந்தது. அதில் அவன் கெட்டிக்காரன்.

"மேடலின். நல்லாத் திட்டிட்டேன்."

வீட்டுக்கு வரும்வரை ஹேஸல்தான் பேசினாள். அன்று மாலை நானும் அவனும் உப்பு எங்கே, துண்டு எங்கே என்பதைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. துணிகளை மடித்தபடி யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது. ஏனென்றால், அவன் கையெழுத்துப் போடுவதுதான் எனக்கு லாபம். போட்டுவிட்டால் முப்பத்தாறு மாதமும் என் பேருக்கு வரும். இரண்டு வருடம் கழித்து மாவட்டக் கல்லூரி என்னைக் கூப்பிடும்போது அது எனக்காகக் காத்திருக்கும். போடாவிட்டால் அவ்வளவும் அவனோடு வெளியே போய்விடும். நான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு பாடமாகப் படித்து, நாற்பது வயதில் நர்ஸ் ஆகலாம், அதுவும் எலும்புகள் காலாவதியாகாமல் இருந்தால். போடட்டுமே, அவனுக்கும் அதுதானே வேண்டும் என்றது மனதில் ஒரு மூலை. இன்னொரு மூலையில், இரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்த ட்ரெவர் இருந்தான். இன்னும் நான்கு வருடம் கழித்தும் அதே வண்டியில் அப்படியேதான் உட்காருவான், காது மட்டும் முழுசாகப் போயிருக்கும். அவனை வெளியே இழுத்துவர எனக்கு ஆசை. அவன் மாதங்களை எடுத்துக்கொள்ளவும் ஆசை. இரண்டும் என் ஆசைகள்தான், எதையும் மறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றேன்.

"நான் வாட்மோருக்குப் போகல. மாவட்டக் கல்லூரியில பேர் குடுத்தாச்சு. அவங்க கூப்பிடற வரைக்கும் நான் இந்த ஊரை விட்டு நகரப்போறதில்ல. ராணுவம் உன்னை எங்க அனுப்பினாலும் சரி, நீ இண்டியானாவுக்குப் போனாலும் சரி. நானும் ஹேஸலும் இங்கதான்."

அவன் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "தனியாவா?"

"எத்தனை தடவை நீ வெளிநாடு போயிருக்க, நான் தனியா இல்லாம கூட்டத்தோடயா இருந்தேன்?"

"அப்போ நான் என்ன பண்ணட்டும்?"

"அதை நான் சொல்ல மாட்டேன். சொல்லணும்னு நாக்கு துடிக்குது, ஆனா சொல்ல மாட்டேன். போடறதுன்னா உனக்காகப் போடு. பயமா இருக்குன்னு சொல்லிட்டே போடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். என் பேரை மட்டும் இழுக்காத."

அவன் அடுத்த பூட்ஸை எடுத்தான். நான் ஹேஸலுக்குத் தலைவாரப் போய்விட்டேன்.

பத்து மணிக்கு நல்ல காற்று. பீரங்கி நிறுத்துமிடத்தில் அவனுடைய ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். மற்ற மனைவிகள் நான்கைந்து பேர் கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி சேருகிறவனின் மனைவிக்கு ஒரு பூங்கொத்து கொடுப்பது எங்கள் வழக்கம். யாரோ அதை என் கையில் திணித்து, "அதிர்ஷ்டக்காரிடி நீ," என்று காதில் சொன்னார்கள். நான் ட்ரெவரின் முகத்தைப் பார்க்க முயன்றேன். அவன் தொப்பியின் நிழல் கண்வரை விழுந்திருந்தது.

கேப்டன் ஓல்சன் இருபத்தெட்டு வயதுப் பெண், நல்ல மாதிரி, எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவாள். "சார்ஜென்ட் ட்ரெவர் டோலன் ஏன் இன்னும் நாலு வருஷம் குடுக்கறார்னு இங்க எல்லாருக்கும் தெரியும்," என்று ஆரம்பித்தாள். "அவர் மனைவி நடீன் நர்ஸ் ஆகணும்னு கனவு காண்றாங்க. தன் படிப்புச் சலுகை முழுசையும் அவங்க பேருக்கு எழுதிவைக்கத்தான்..."

எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

"மேடம்," என்றான் ட்ரெவர்.

கைதட்டல் விட்டுவிட்டு நின்றது. வரிசையில் நிற்பவன் கேப்டனை இடைமறிப்பதில்லை.

"அந்த வரி தப்பு மேடம். அது நான்தான் எழுதிக் குடுத்தேன். தப்பா எழுதிட்டேன். அவளுக்காக இல்ல."

கேப்டன் தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவிகள் என்னைத் திரும்பிப் பார்ப்பது பார்க்காமலே தெரிந்தது. என் கண் நிறைந்துவிட்டது. பத்து வருடத்தில் எனக்காக அவன் செய்த பெரிய காரியம் இதுதான் என்று தோன்றியது. ஆனால் இதை நான் யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியாது.

"சரி, அந்த வரியை விட்டுடறேன்," என்றாள் கேப்டன், மெதுவாக. தாளைத் திருப்பினாள். புது ஒப்பந்தம் போடுமுன் பழையதை முடிக்க வேண்டும். அதனால் விடுவிப்புப் பத்திரத்தை உரக்கப் படித்து அவன் கையில் கொடுத்தாள். கௌரவத்துடன் விடுவிக்கப்படுகிறார் என்று அதில் இருந்தது. அடுத்து அவள் சொல்லவேண்டியது எல்லா விழாவிலும் சொல்லும் ஒரு பழைய வேடிக்கை. பழக்கத்தில் அதையும் சொல்லிவிட்டாள்: "சார்ஜென்ட், இந்த நிமிஷம் நீங்க சிவிலியன். ஓடணும்னா இப்பவே ஓடலாம்."

"ஓடுங்க சார்ஜென்ட், ஓடுங்க!" என்று பையன்கள் வழக்கம்போலக் கத்தினார்கள். இந்த இடத்தில் எல்லா ஆண்களும் இரண்டு அடி ஓடுவதுபோல நடித்து, சிரிப்பு எழுந்ததும் திரும்பி வந்து உறுதிமொழிக்குக் கையைத் தூக்குவார்கள். ட்ரெவர் ஓடவில்லை. கத்தியவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். கேப்டன் வலது கையை உயர்த்தி, அவன் கையும் உயர்வதற்காகக் காத்திருந்தாள்.

விடுவிப்புப் பத்திரம் அவன் இடது கையில் படபடத்தது. அவன் வலது கையால் தொப்பியைக் கழற்றினான். சீருடையில் திறந்தவெளியில் நிற்கும்போது எவனும் அதைக் கழற்றுவதில்லை. நெற்றியில் தொப்பி மறைத்திருந்த பட்டை மட்டும் வெள்ளையாக, வெயிலே படாத சின்னப் பிள்ளையின் தோல் மாதிரி இருந்தது. காற்று அவன் முடியைக் கலைத்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை, கேப்டனையும் பார்க்கவில்லை. தூக்கவேண்டிய கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.